ட்ரோக்பா போரை நிறுத்தினாரா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டின் கால்பந்து வீரர் டிடியர் ட்ரோக்பாவைப் பற்றி இணையத்தில் சுற்றும் கதையைக் கால்பந்து பார்க்காதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். ஐவரி கோஸ்ட் அணி முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. டிரெஸ்ஸிங் ரூமில் கேமரா முன்னால் வீரர்கள் மண்டியிட்டார்கள். ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று ட்ரோக்பா மன்றாடினார். ஒரே வாரத்தில் உள்நாட்டுப் போர் நின்றுவிட்டது. இதில் முதல் மூன்றும் நடந்தவை. நான்காவது நடக்கவில்லை.

அந்த நான்காவது வரியால் இரண்டு தரப்புக்கு அநியாயம் நேர்கிறது. 2005-க்குப் பிறகும் அந்த நாட்டில் உயிரிழந்தவர்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள். ட்ரோக்பா உண்மையாகவே செய்த, அந்தப் பேச்சைவிடத் துணிச்சலான ஒரு காரியம் பேச்சில்லாமல் போகிறது. அது நடந்தது 2007-இல். அதன் எடை புரிய வேண்டுமென்றால், அவர் எப்படி வளர்ந்தார், அவருடைய நாடு எதனால் உடைந்தது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1978 மார்ச் 11 அன்று நாட்டின் பெரிய நகரமான அபிட்ஜானில் பிறந்தவர் ட்ரோக்பா. தந்தைக்கு வங்கியில் வேலை. ஐந்து வயதிலேயே பையனைப் பிரான்சுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே சித்தப்பா முறையில் வரும் மிஷெல் கோபா தொழில்முறைக் கால்பந்து வீரராக இருந்தார். மூன்று ஆண்டுகளில் ஊர் நினைப்பு தாங்காமல் பையன் திரும்பி வந்தான். பிறகு பெற்றோருக்கு வேலை போனது. ஊரில் நிலைமை சரியில்லை என்று மறுபடியும் அதே கோபாவிடம் அனுப்பினார்கள். கோபா கிளப் மாற மாற, பையனும் ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக மாறிக்கொண்டிருந்தான். தற்காப்பில் வலப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தவனை, முன்னால் போய் ஆடு, ஸ்ட்ரைக்கர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள் என்று திருப்பிவிட்டவரும் அவர்தான். படிப்பில் பின்தங்கியதால் பெற்றோர் ஓராண்டு பந்தைத் தொடவே விடவில்லை.

பதின்வயதிலேயே ஐரோப்பிய கிளப்புகள் வலைவீசிப் பிடிக்கும் மேதை என்று அவரைச் சொல்ல முடியாது. லெ மான் என்ற இரண்டாம் டிவிஷன் கிளப்பில் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 21. அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணக்கியலும் படித்துக்கொண்டிருந்தார். அங்கே எலும்பு முறிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தினமும் பயிற்சி செய்யும் அளவுக்கு உடம்பைப் பழக்கவே சில ஆண்டுகள் பிடித்தன. 2002 ஜனவரியில் கேங்காம் என்ற சிற்றூர்க் கிளப்புக்கு மாறினார். 2002-03 சீசனில் லீக்கில் 17 கோல் அடித்த பிறகுதான் பிரான்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு பிரான்சின் மார்செய் கிளப். அங்கே லீக்கில் 19 கோல், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையின் இறுதிப் போட்டி வரை ஒரு பயணம். 2004 கோடையில் லண்டன் கிளப்பான செல்சி அவருக்காக 2 கோடியே 40 லட்சம் பவுண்டு கொடுத்தது. அந்த கிளப் அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. 21 வயதில் முதல் ஒப்பந்தம், 26 வயதில் அந்த விலை.

ஐவரி கோஸ்ட் அணியில் அவருடன் ஆடிய பலர் வேறு வழியாக வந்தவர்கள். 1990-களில் ழான்-மார்க் கியூ என்ற பிரெஞ்சுக்காரர் அபிட்ஜானில் ஆசெக் மிமோசா கிளப்புடன் சேர்ந்து ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். சிறுவயதிலேயே தேர்ந்தெடுத்து, தங்க வைத்து, படிக்க வைத்து, பந்தும் சொல்லிக்கொடுத்தார்கள். கோலோ தூரே, யாயா தூரே, சோகோரா, எபூவே, ஜெர்வின்யோ எல்லாரும் அங்கே விளைந்தவர்கள். பிறகு கியூ பெல்ஜியத்தின் பெவரன் கிளப்போடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, பையன்களை அங்கே அனுப்பத் தொடங்கினார். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளுக்கு அது ஒரு நுழைவாயில் ஆனது. எபூவேயும் யாயாவும் அந்த வழியாகப் போனவர்கள்தான். பெவரன் அணியில் சில ஆட்டங்களில் பதினொருவரில் பெரும்பாலோர் ஐவரி கோஸ்ட்காரர்களாகவே இருந்தார்கள்.

ஆக, அந்தத் தேசிய அணிக்குள் இரண்டு விதமான வீரர்கள் இருந்தார்கள். சிறுவயது முதல் ஒரே முற்றத்தில் ஒன்றாக ஆடி வளர்ந்தவர்கள் ஒரு பக்கம். பிரான்சில் வளர்ந்து வெளியிலிருந்து வந்து சேர்ந்த ட்ரோக்பா போன்றவர்கள் இன்னொரு பக்கம். இதற்கு மேல் நாட்டின் பிளவும் இருந்தது. ட்ரோக்பா தெற்கு-மத்தியப் பகுதியைச் சேர்ந்த பெத்தே இனத்தவர். அதிபராக இருந்த லோரான் பாக்போவும் அதே இனம். தூரே சகோதரர்களோ வடக்கின் வேர்கொண்ட முஸ்லிம் குடும்பம். யாயா பிறந்தது புவாகே நகரத்தில். பின்னாளில் கிளர்ச்சிப் படையின் தலைநகரானது அந்த நகரம்தான்.

அந்தப் பிளவு எப்படி வந்தது? 1960-இல் சுதந்திரம் பெற்றதிலிருந்து 1993-இல் இறக்கும் வரை நாட்டை ஆண்டவர் ஊஃபுவே-புவானி. கோகோதான் நாட்டின் செல்வம். உலகத்திலேயே அதிகக் கோகோ விளைவது அங்கேதான். தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று புர்கினா ஃபாசோ, மாலி முதலிய அண்டை நாடுகளிலிருந்து மக்களை வரவேற்றார். உழுபவனுக்கே நிலம் என்பது அவர் காலத்துக் கொள்கை. 1980-களின் கடைசியில் கோகோ விலை சரிந்தது. வேலையும் நிலமும் குறையக் குறைய, யார் உண்மையான ஐவரி கோஸ்ட்காரர் என்ற கேள்வியை அரசியல்வாதிகள் கையில் எடுத்தார்கள். ஊஃபுவேக்குப் பின் வந்த கொனான் பெடியே, மண்ணின் மைந்தர் வாதத்தை அரசின் கொள்கையாகவே ஆக்கினார். முன்னாள் பிரதமர் அலசான் வத்தாரா, பெற்றோரின் பூர்வீகத்தைக் காரணம் காட்டி அதிபர் தேர்தலில் நிற்க விடாமல் ஒதுக்கப்பட்டார். வடக்கத்திப் பெயர் உள்ளவரெல்லாம் அடையாள அட்டைக்கு அலைய வேண்டிய நிலை வந்தது. பலமுறை பெயர் சொல்லி, ஊர் சொல்லி, தாத்தா பெயர் சொல்லியும் நீ அந்நியன் என்ற பதிலையே கேட்ட மக்களின் கோபத்தில்தான் இந்தப் போரின் வேர் இருக்கிறது. கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள் முதலில் விட்டுவிடுவது இதைத்தான்.

2002 செப்டம்பர் 8 அன்று அபிட்ஜானில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ட்ரோக்பா தன் நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடினார். 0-0. பதினொரே நாளில், செப்டம்பர் 19 அன்று, ராணுவத்தில் ஒரு பிரிவு கலகம் செய்தது. அபிட்ஜானில் தோற்ற கலகக்காரர்கள் புவாகேயையும் வடக்கையும் பிடித்துக்கொண்டார்கள். நாடு குறுக்கே இரண்டாகப் பிளந்தது. நடுவில் பிரெஞ்சுப் படையும் பின்னர் ஐ.நா. படையும் நின்றன. ட்ரோக்பா தேசிய அணிக்கு வந்தபின், போருக்கு முன் நாடு ஒன்றாக இருந்தது அந்தப் பதினொரு நாள்தான் என்று சொல்லலாம்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற இரவுக்கு வருவோம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஐவரி கோஸ்டும் கேமரூனும் ஒரே பிரிவு. 2005 செப்டம்பரில் அபிட்ஜானிலேயே கேமரூனிடம் 2-3 என்று தோற்றார்கள். ட்ரோக்பா இரண்டு கோல் போட்டும் பயனில்லை. கடைசிச் சுற்றுக்கு முன் கேமரூன் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. அக்டோபர் 8 அன்று சூடானின் ஒம்துர்மானில் ஐவரி கோஸ்ட் 3-1 என்று வென்றது. ஆனால் யாவுண்டேயில் கேமரூன் எகிப்தை வென்றுவிட்டால் எல்லாம் வீண். அங்கே 1-1 என்று இருந்தபோது, கூடுதல் நிமிடங்களில் கேமரூனுக்கு பெனால்டி கிடைத்தது. பியர் வோமே அடித்த பந்து கம்பத்தில் பட்டு விலகிப் போனது. அந்த ஒரு அடிக்காக வோமே சொந்த நாட்டு ரசிகர்களின் வெறிக்கு ஆளாகி நாட்டைவிட்டே கிளம்ப நேர்ந்தது. அவருக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

டிரெஸ்ஸிங் ரூமுக்குள் தொலைக்காட்சிக் கேமரா வந்தது. மைக்கை ட்ரோக்பா வாங்கினார். சுற்றிலும் வீரர்கள் தோளோடு தோள் நின்றார்கள். வடக்கு, தெற்கு, நடுநாடு, மேற்கு என்று எல்லாத் திசை மக்களையும் பெயர் சொல்லி அழைத்தார். நாங்கள் ஒன்றாக ஆட முடியும் என்று இன்று காட்டிவிட்டோம் என்றார். பிறகு எல்லாரும் மண்டியிட்டார்கள். மன்னியுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இவ்வளவு வளமுள்ள நாடு இப்படிப் போருக்குள் விழக்கூடாது, ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டுத் தேர்தல் நடத்துங்கள் என்றார்.

தேர்தல் என்று அவர் சொன்னது பொத்தாம்பொதுவாக வந்த பேச்சு கிடையாது. அந்த அக்டோபர் 30-ஆம் தேதியோடு பாக்போவின் பதவிக்காலம் முடிந்தது. அன்று நடக்க வேண்டிய தேர்தல் நடக்காது என்று தெரிந்துவிட்டிருந்தது. ஊரே பதற்றத்தில் இருந்தது. அந்த நேரத்தில், அதிபரின் இனத்தைச் சேர்ந்த நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம் தேர்தல் நடத்துங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். அந்தப் பதிவை நாட்டுத் தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி போட்டார்கள். இரு பக்கமும் அதைப் பார்த்தது.

ஆனால் போர் நின்றதா? பெரிய சண்டைகள் அதற்கு முன்பே ஓய்ந்திருந்தன. பகை முடிந்தது என்று 2005 ஏப்ரலிலேயே பிரிட்டோரியாவில் இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தன. காகிதத்தில் அமைதி, தரையில் துப்பாக்கி. அக்டோபர் பேச்சுக்குப் பிறகும் அதே நிலைதான் நீடித்தது. 2006 ஜனவரியில் பாக்போவின் ஆதரவாளர்கள் ஐ.நா. படையின் முகாம்களைத் தாக்கினார்கள். நாடு பிளந்தபடியே இருந்தது. நிலைமை மாறியது 2007 மார்ச் 4 அன்று, புர்கினா ஃபாசோ அதிபரின் நடுவாண்மையில் பாக்போவும் கிளர்ச்சித் தலைவர் கியோம் சோரோவும் வாகடூகுவில் நேரடி ஒப்பந்தம் செய்தபோதுதான். சோரோ பிரதமரானார். களைத்துப்போன இரண்டு தரப்பு, பேரம் பேசிப் பதவியைப் பங்கிட்டுக்கொண்ட உடன்பாடு அது. ஓர் ஆட்டக்காரரின் குரலுக்கு அதில் எத்தனை பங்கு என்று அளக்க யாராலும் முடியாது.

அதே மார்ச் தொடக்கத்தில் ட்ரோக்பாவுக்கு 2006-ஆம் ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க வீரர் விருது கிடைத்தது. கோப்பையை அபிட்ஜானில் காட்டியதோடு நிறுத்தாமல், புவாகேக்கும் எடுத்துப் போனார். மடகாஸ்கருக்கு எதிரான ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் அபிட்ஜானில் வேண்டாம், புவாகேயில் நடக்கட்டும் என்று அங்கே நின்று அறிவித்தார்.

இதில் என்ன துணிச்சல் என்று இன்று தோன்றலாம். புவாகே அப்போது கிளர்ச்சிப் படையின் கோட்டை. தேசிய அணி என்றால் தேசியக் கொடி, தேசிய கீதம், அமைச்சர்கள், அரசுப் படையின் பாதுகாப்பு எல்லாம் கூடவே வரும். ஐந்தாண்டுகளாக அங்கே கால் வைக்காத அரசு, ஒரு கால்பந்து ஆட்டத்தின் பின்னால் உள்ளே நுழைய வேண்டும். எதிரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குச் சம்மதிக்க வேண்டும். எங்காவது ஒரு குண்டு வெடித்தாலும் ஒப்பந்தமே கவிழும். வாயால் அமைதி கேட்டவர், இப்போது தன் உடம்பையும் தோழர்களின் உடம்பையும் பந்தயத்தில் வைத்தார். 2007 ஜூன் 3 அன்று ஆட்டம் நடந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். இரு படைகளின் சீருடைக்காரர்களும் அதே இடத்தில் இருந்தார்கள். 5-0 என்று ஐவரி கோஸ்ட் வென்றது. ஐந்தாவது கோல் ட்ரோக்பாவுடையது. தெற்கத்தியரான அவரை வடக்கின் கூட்டம் கொண்டாடித் தீர்த்தது.

அதன் பிறகும் எல்லாம் இனிதாகிவிடவில்லை. அதே ஜூன் 29 அன்று, அதே புவாகே விமான நிலையத்தில், பிரதமர் சோரோவின் விமானத்தின் மீது ராக்கெட் வீசினார்கள். அவர் தப்பினார், உடனிருந்தவர்கள் இறந்தார்கள். ஒத்திப்போடப்பட்ட தேர்தல் கடைசியில் 2010-இல் நடந்தது. வத்தாரா வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவிக்க, பாக்போ பதவி விலக மறுத்தார். அடுத்த சில மாதங்களில் சுமார் 3,000 பேர் கொல்லப்பட்டார்கள். முதல் போரைவிட அதிக ரத்தம் அப்போதுதான் சிந்தியது என்று சொல்லும்படி இருந்தது நிலைமை. 2011 ஏப்ரலில் பாக்போ கைதானார். பேச்சு போரை நிறுத்தியது என்று எழுதும்போது இந்த 3,000 பேரை எங்கே வைப்பது? அதே ஆண்டு அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில், வெளிநாடு வாழ் ஐவரி கோஸ்ட்காரர்களின் பிரதிநிதியாக ட்ரோக்பாவையும் உறுப்பினராக்கினார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார். மண்டியிட்ட வீடியோவைப் பார்த்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இத்தனையும் நடந்த காலத்தில்தான் லண்டனில் அவர் செல்சியின் முதன்மை ஸ்ட்ரைக்கராக இருந்தார். முதல் இரண்டு ஆண்டும் லீக் பட்டம் வந்தாலும், எதற்கெடுத்தாலும் கீழே விழுகிறார் என்று இங்கிலாந்து ரசிகர்கள் திட்டினார்கள். 2006-07-இல் 20 கோல், 2009-10-இல் 29 கோல் என்று இரண்டு முறை லீக்கின் அதிகக் கோல் அடித்தவரானார். இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையின் நான்கு இறுதிப் போட்டிகளில் கோல் அடித்தார். பெரிய ஆட்டம் என்றால் அவரிடம் பந்து போகும் என்பது எதிரணிக்கும் தெரியும், இருந்தும் தடுக்க முடியாது. முதுகில் டிஃபென்டரை ஒட்டவைத்துக்கொண்டே நெஞ்சில் பந்தை இறக்கி, ஒரே திருப்பில் அடிப்பார். அந்த ஆட்டத்தைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், அதனால் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது.

நாட்டின் சட்டையில் மட்டும் கோப்பை கைக்கு வரவே இல்லை. ஐரோப்பிய சீசனின் நடுவே, ஜனவரி-பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை வரும். கிளப்பை விட்டுவிட்டு வீரர்கள் கிளம்ப வேண்டும், மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் ஒவ்வொரு முறையும் போனார். 2006 இறுதியில் கெய்ரோவில் எகிப்திடம் பெனால்டியில் தோல்வி, அவருடைய அடியும் தவறியது. 2008-இல் அரையிறுதி, 2010-இல் காலிறுதி. உலகக் கோப்பையிலும் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. 2006-இல் அர்ஜென்டினாவும் நெதர்லாந்தும் இருந்த பிரிவு. 2010-இல் பிரேசிலும் போர்ச்சுகலும். அதுவும் அவர் தொடருக்குச் சற்று முன்பு கை முறிந்து, கட்டோடு ஆடினார்.

2012 என்ற ஒரே ஆண்டில் அவருடைய வாழ்க்கையின் இரண்டு முனைகளும் இருக்கின்றன. பிப்ரவரி 12, காபோன் நாட்டின் லிப்ரவில், ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி. தொடர் முழுவதும் ஒரு கோல்கூட வாங்காத ஐவரி கோஸ்ட், எதிரே ஜாம்பியா. 70-ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை ட்ரோக்பா கம்பத்துக்கு மேலே அடித்தார். 0-0. கடைசியில் பெனால்டி ஷூட்-அவுட்டில் 7-8 என்று தோற்றார்கள். 1993-இல் ஜாம்பியாவின் தேசிய அணியில் பெரும்பகுதி விமான விபத்தில் இறந்தது அதே லிப்ரவில் கடலோரத்தில்தான். அதனால் ஜாம்பியாவின் வெற்றியை நினைத்து ஐவரி கோஸ்ட்காரர்களால்கூட முழுமனதோடு வருத்தப்பட முடியவில்லை.

மே 19, மியூனிக், ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரணியான ஜெர்மன் கிளப் பயர்னின் சொந்த மைதானம். பயர்னுக்கு 20 கார்னர், செல்சிக்கு ஒன்றே ஒன்று. 83-ஆவது நிமிடத்தில் பயர்னின் முல்லர் கோல் அடித்துவிட்டார். 88-ஆவது நிமிடத்தில் அந்த ஒரே கார்னரைச் செல்சியின் மாத்தா தூக்கினார். ட்ரோக்பா முதல் கம்பத்தை நோக்கி ஓடி, டிஃபென்டருக்கு முன்னால் எழும்பித் தலையால் முட்டினார். பந்து பயர்ன் கோல்கீப்பர் நோயரின் கையைத் தாண்டி உள்ளே போனது. கூடுதல் நேரத்தில் பயர்னின் ரிபெரியைத் தட்டிவிட்டு பெனால்டியும் கொடுத்தார். செல்சி கோல்கீப்பர் செக் அதைத் தடுத்தார். ஷூட்-அவுட்டின் கடைசி அடி ட்ரோக்பாவுடையது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாஸ்கோ இறுதியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதால் அவர் அடிக்க முடியாமல் போன அடி. இந்த முறை அடித்தார், கோப்பை வந்தது. செல்சிக்காக 381 ஆட்டங்களில் 164 கோல்.

நாட்டுக்காக 65 கோல். இன்றுவரை ஐவரி கோஸ்டின் உச்சம் அதுதான். 2014 உலகக் கோப்பைக்குப் பிறகு தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆறே மாதத்தில், 2015 பிப்ரவரியில், யாயா தூரே தலைமையில் ஐவரி கோஸ்ட் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. அவர் இல்லாமல்.

2022-இல் நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்புத் தலைவர் தேர்தலில் நின்றார். முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஓட்டுப் போடுபவர்கள் கிளப்புகளும் சங்கங்களும். அவர்களிடம் ரசிகர்களின் அன்பு செல்லுபடி ஆகவில்லை. நாட்டையே மண்டியிட்டு அசைத்தவராகச் சொல்லப்படுபவரால் கூட்டமைப்பின் அரசியலை அசைக்க முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

2024-இல் ஆப்பிரிக்கக் கோப்பையை ஐவரி கோஸ்டே நடத்தியது. குழுச் சுற்றில் எக்குவடோரியல் கினியாவிடம் 0-4 என்று தோற்று, பயிற்சியாளர் நீக்கப்பட்டு, பொறுப்பு எமர்ஸ் ஃபாயேவிடம் வந்தது. 2006 உலகக் கோப்பையில் ட்ரோக்பாவோடு ஆடியவர் ஃபாயே. காலிறுதி மாலியோடு. பத்துப் பேராகச் சுருங்கிய அணி 90-ஆவது நிமிடத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் 2-1 என்று வென்றது. பிறகு இறுதிப் போட்டியில் நைஜீரியாவை வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தது. அந்தக் காலிறுதி நடந்த இடம் புவாகே. அட்டவணையில் இருந்த ஆறு மைதானங்களில் ஒன்று அது, அவ்வளவுதான். அங்கே ஆட யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.